ஃபிரீகேட் ஸ்கெட்ச்சரோடு ஒரு நீண்டகால மல்லுக்கட்டு

ஃபிரீகேட் என்ற இலவச 3டி வரைவு மென்பொருளில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலுக்குள் நான் போகப்போவதில்லை. 2024 நவம்பரில் 1.0 வந்தது, பாகங்களைப் பொருத்திப் பார்க்கிற அசெம்ப்ளியும் கூடவே வந்தது. ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டை மாற்றினால் மேலே போட்ட ஃபில்லட் (முனை உருட்டல்) எல்லாம் சிதறுகிற பழைய தொல்லையும் பெருமளவு அடங்கிவிட்டது. எல்லாம் சரி. எனக்குத் தீராத வழக்கு, அடிப்படைக் கோட்டுப்படம் வரைகிற பகுதியான ஸ்கெட்ச்சரோடுதான். அதிலும் 'ரிடண்டன்ட் கன்ஸ்ட்ரெயின்ட்' (தேவைக்கு மேல் ஒரு கட்டுப்பாடு) என்று பக்கத்துப் பேனலில் வந்து நிற்கும் அந்த ஒரு வரியோடு.

ஒரு ஸ்லாட், அதாவது இரு முனையும் வளைந்த நீள்துளை, வரைந்து பாருங்கள். ரெடிமேடாக உள்ள ஸ்லாட் கருவி வேண்டாம். இரண்டு கோடு, இரண்டு ஆர்க் (வட்டவில்) என்று கையாலேயே வரையுங்கள். ஒரு கோட்டுக்கு 4 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கட்டுப்படாமல் மாறக்கூடிய வழிகள்), ஒரு ஆர்க்குக்கு 5. ஆக மொத்தம் 18. முனையோடு முனை சேர்த்து, முறிவில்லாமல் தொடும்படி டேன்ஜென்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் 3-ஐ விழுங்கும். நான்கு முனைக்கு 12 போனது, மீதி 6. மேல்கோடு, கீழ்கோடு இரண்டும் ஹாரிசான்டல் என்றால் இன்னும் 2 போய் 4 நிற்கும். இப்போது இரண்டு ஆர்க்கும் ஒரே ரேடியஸில் இருக்கட்டுமே என்று ஈக்வல் போட்டீர்களோ, வந்து நிற்கும் அந்த வரி.

கணக்குப்படி அது சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இணையான இரண்டு கோடுகளுக்கு நடுவே இரண்டையும் தொட்டு நிற்கிற ஆர்க், எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே ரேடியஸ்தான். ஈக்வல் போடாமலே ஈக்வல். ஆனால் நான் வேண்டுமென்றே போட்டது அந்த ஈக்வலைத்தான். இரண்டாவது ஹாரிசான்டலை நான் போடவே இல்லை. கோடு கொஞ்சம் மட்டமாகத் தெரிந்ததும் ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட் தானாக ஒட்டிவிட்டுப் போனது. கர்சர் பக்கத்தில் பொடி ஐகானாக வந்து மறையும், வேலை மும்முரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? கடைசியில் நான் சொன்னது மிகை, அது தானே செய்துகொண்டது சட்டம்! நாளைக்கே ஸ்லாட்டை 30 டிகிரி சாய்க்க வேண்டி வந்தால் அந்த ஹாரிசான்டல்களைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். ஈக்வல் இருந்தால் அது பாட்டுக்கு நிற்கும். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது வரைகிறவனுக்குத்தான் தெரியும். அந்த நியாயம், உள்ளே கணக்குப் போடுகிற சால்வருக்குத் தெரிய வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வருகிறது.

1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற வரைகிற புரோகிராமைச் செய்தபோதே கோடு இணையாக இருக்கட்டும், நீளம் சமமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல முடிந்தது. அறுபது வருடம் தாண்டியும் நாம் அதனிடம் எதை நீக்குவது என்று பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்குகிற ஸாலிட்வொர்க்ஸ் மென்பொருள் இந்த இடத்தில் கொஞ்சம் பக்குவம். ஒரு டைமென்ஷன் அதிகமாகப் போனால், இதை வெறும் அளவு காட்டுவதற்காக மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அதுவே கேட்கும். ஃபிரீகேடிலும் ரெஃபரன்ஸாக மாற்றுகிற வசதி இருக்கிறது, நாமாகத் தேடிப் போய் மாற்ற வேண்டும்.

திட்டியாகிவிட்டது. பாராட்டையும் சொல்லாவிட்டால் பாவம். ஸ்கெட்ச் இன்னும் முழுக்கக் கட்டுப்பட்டுப் பச்சையாகவில்லை, எங்கேயோ ஒரு டிகிரி மிச்சம் இருக்கிறது என்றால், பேனலில் அந்த எண்ணிக்கை இருக்கும் லிங்கைத் தட்டுங்கள். கட்டுப்படாமல் திரிகிற புள்ளியையும் கோட்டையும் அதுவே செலக்ட் செய்து காட்டும். ரிடண்டன்ட் என்றால் அந்த எண்களைத் தட்டினால் சம்பந்தப்பட்ட கன்ஸ்ட்ரெயின்ட் ஒளிரும். சந்தேகம் உள்ளதை உடனே அழிக்க வேண்டியதும் இல்லை, டீஆக்டிவேட் செய்து வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். எது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று அப்போது கண்ணெதிரே தெரியும். டிகிரி எண்ணி வரைகிற பழக்கமே எனக்கு இதனால்தான் வந்தது. கல்லூரியில் மெக்கானிசம் பாடத்தில் ஏறாதது இங்கே ஏறியது. ஒன்று மட்டும், 'ஆட்டோ ரிமூவ் ரிடண்டன்ட்ஸ்' டிக்கை எடுத்து வையுங்கள். உங்களைக் கேட்காமல் ஒன்றைத் தூக்கிவிடும். பிறகு அளவு மாற்றும்போது எது போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு கோபமும் பாக்கி இருக்கிறது. முழுக்கப் பச்சையான, ஒரு குறையும் இல்லாத ஸ்கெட்ச். அதில் 20 மி.மீ. என்பதை 200 என்று மாற்றினால் ஆர்க் சில நேரம் மறுபக்கம் புரண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சால்வர் இப்போது இருக்கும் வடிவத்திலிருந்துதான் படிப்படியாக நகர்ந்து விடை தேடுகிறது. ஒரே அளவுக்கு இரண்டு வடிவம் பொருந்தும் என்றால் எதில் போய் விழுகிறதோ அதுவே விடை. 20, 60, 120 என்று ஏற்றிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒழுங்காக வரும். முதல் ஸ்கெட்சையே உத்தேசமாக நிஜ அளவில் வரைந்துவிட்டால் பாதித் தொல்லை கிடையாது. இத்தனைக்கும் டிகிரி கணக்கில் எந்தத் தப்பும் இருக்காது, பச்சை பச்சையாகவே சிரிக்கும்.

போன வாரம் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "இப்போ இருக்கிற கேட் சாஃப்ட்வேர் லைசென்ஸ் புதுப்பிக்கணும், அதுக்குப் பதிலா ஃபிரீகேடுக்கே மாறிடட்டுமா?" தட்டைத் தகடு, ஓட்டை, ஸ்லாட், இவ்வளவுதான் அவர் வேலை. அதற்கு இது தாராளமாகப் போதும், மேலேயே மிஞ்சும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீ மட்டும் அதிலேயே கிடக்கிறியே?" என்றார். புரண்டு கிடக்கிற ஆர்க்கைப் பார்த்துத் திருத்த எனக்கு நேரம் இருக்கிறது. அவருடைய ஆபரேட்டர் பழைய டிராயிங்கில் அளவை மட்டும் மாற்றி, டிஎக்ஸ்எஃப் கோப்பாக எடுத்து, அப்படியே மிஷினுக்கு அனுப்புகிறவர்.