கிங்ஸ் கிராஸும் ஹாஃபன்சிட்டியும்: நிலம் யார் கையில் இருக்கிறது?

லண்டனின் கிங்ஸ் கிராஸ், ஹாம்பர்க்கின் ஹாஃபன்சிட்டி ஆகிய இரண்டும் நகர மையத்தை ஒட்டிய பழைய சரக்கு நிலங்களில் எழுந்த கலப்புப் பயன்பாட்டுப் பகுதிகள். முன்னது ரயில்வே சரக்கு முற்றம், பின்னது துறைமுகம். வீடு, அலுவலகம், கடை, கல்வி நிறுவனம், பூங்கா எல்லாம் அருகருகே அமைய வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. நிலத்தை யார் வைத்திருப்பது என்பதில்தான் இரு நகரங்களும் பிரிந்தன. மற்ற வேறுபாடுகளில் பலவும் அங்கிருந்தே கிளைக்கின்றன.

கிங்ஸ் கிராஸின் 67 ஏக்கர் நிலத்தை, ஆர்ஜென்ட் என்ற கட்டுமான நிறுவனமும் நில உரிமையாளர்களும் இணைந்த கூட்டாண்மை ஒரே கையில் வைத்து வளர்த்தது. அப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கேம்டன் மன்றம் 2006இல் திட்ட அனுமதி அளித்தது. கட்டி விற்றுவிட்டு ஒதுங்காமல், நீண்ட காலம் வைத்துப் பராமரிக்கும் எண்ணத்துடன் இறங்கியதால், அவசரமாக இலாபம் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. 1852இல் கட்டப்பட்ட தானியக் கிடங்கை இடிக்காமல், 2011இலேயே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியை அங்கே குடியேற்றியது மிகச் சிறந்த முடிவு என்பேன். சுற்றிலும் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தபோதே அங்கு மாணவர் நடமாட்டம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட முன்சதுக்கத்தில், தரையிலிருந்து பீறிடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த்தாரைகளில் குழந்தைகள் நனைந்து விளையாடுகிறார்கள். பழைய எரிவாயுத் தொட்டிகளின் வார்ப்பிரும்புச் சட்டங்களைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் நிறுத்தி, அவற்றுக்குள் அடுக்குமாடி வீடுகளைப் பொருத்திய பொறுமையும் பாராட்டுக்குரியது.

ஆனால் அந்தச் சதுக்கம் பொதுச் சாலையன்று, தனியார் நிலம். முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் கிங்ஸ் கிராஸ் வளாகத்தில் 2016 முதல் 2018 வரை இயங்கியது 2019இல்தான் வெளியே தெரிந்தது. அவ்வழியே நடந்து சென்ற எவரிடமும் அதற்குச் சம்மதம் கேட்கப்படவில்லை. எத்தனை அழகான சதுக்கமானாலும் இந்தக் குறையை என்னால் சிறிதாகக் கருத இயலாது.

ஹாஃபன்சிட்டி அளவில் மிகப் பெரியது; 157 ஹெக்டேர் பரப்பில் நகர மையத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு விரிவாக்கும் திட்டம் அது. முதன்மைத் திட்டம் 2000ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. நிலத்தை மொத்தமாக ஒருவருக்குத் தராமல், நகரத்துக்கே முழுவதும் சொந்தமான நிறுவனம் ஒன்று மனை மனையாக விற்கிறது. வாங்க விரும்புபவருக்கு மனை முதலில் ஒதுக்கி மட்டுமே வைக்கப்படும். அவர் தம் செலவில் வடிவமைப்பை உருவாக்கி, அனுமதி பெற்ற பிறகே விற்பனை முடியும். நிபந்தனையை மீறினால் மனை நகரத்திடமே திரும்பும். விலையைவிடக் கட்டடத்தின் பயன்பாட்டுத் திட்டத்துக்கு அதிக எடை தருவதால், கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கங்களும் மானிய வாடகை வீடுகளும் ஆற்றங்கரையில் இடம்பெற முடிந்தது.

வெள்ளத்தை எதிர்கொண்ட முறையிலும் இந்தக் கட்டுப்பாடு தெரிகிறது. 1962 புயல் வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை இழந்த நகரம் ஹாம்பர்க். ஹாஃபன்சிட்டியோ முதன்மை வெள்ளத்தடுப்பு அணைக்கு வெளியே இருக்கிறது. எனவே சுற்றுச் சுவர் எழுப்பாமல், கட்டடங்களையும் சாலைகளையும் கடல் மட்டத்துக்கு மேல் எட்டு மீட்டர் அளவில் மேடாக்கினார்கள். மேட்டின் உட்புறம் வாகன நிறுத்தமாகிறது. கரையோர நடைபாதை மட்டும் தாழ்வாக விடப்பட்டு, பெருவெள்ளத்தில் மூழ்கி எழுகிறது.

நகரத்தின் கையில் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. எல்ப்பில்ஹார்மோனி இசையரங்கம் 2017இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணத்தில் 789 மில்லியன் யூரோ கரைந்திருந்தது. 245 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்ட எல்ப் கோபுரம், கட்டிய தனியார் குழுமம் நொடித்ததால் 2023இல் ஏறத்தாழ நூறு மீட்டரில் நின்றுபோனது. மேலும், கிங்ஸ் கிராஸில் உள்ள பழைமையின் நெருக்கம் இங்கே குறைவு. புகழ்பெற்ற செங்கல் கிடங்குகள் அருகிலிருக்கும் ஷ்பைஹர்ஷ்டாட்டில்தான் உள்ளன.

ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கக் கிங்ஸ் கிராஸைத் தேர்வேன். ஒரு மாநகராட்சி தன் காலி நிலத்துக்கு முன்மாதிரி கேட்டால், தயங்காமல் ஹாம்பர்க்கின் ஒதுக்கீட்டு முறையைச் சொல்வேன். அதை நடத்தத் திறமையான, நிலையான அரசு அலுவலகம் ஒன்று இருபது ஆண்டுகளேனும் தொடர்ந்து இயங்க வேண்டும்.