மாடல் கார்களின் மங்கிய கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்து 6,800 ரூபாயை இழந்தேன்

நேற்று மாலை கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்ததிலிருந்து என் ஆத்திரம் அடங்கவில்லை. மாடல் கார்களைப் பழுதுநீக்கித் தருவதாகச் சமூக வலைத்தளத்தில் பக்கம் நடத்தும் ஒருவரிடம் 6,800 ரூபாயையும், அதைவிடப் பெரிதாக, இரண்டு கார்களின் கண்ணாடிகளையும் பறிகொடுத்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்), காரைக்குடிக்கே திரும்பி வந்தபோது, டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இரண்டு மாடல் கார்ப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்; நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவு, பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு கோடை விடுமுறை முழுவதும் முகப்புத் திண்ணையில் அமர்ந்து அவரும் நானும் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்த கார்கள் அவை. அப்பச்சி இப்போது இல்லை. சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இரண்டிலும் கண்ணாடிகள் கழன்றுவிட, நான் சூப்பர் குளூ வைத்து ஒட்டி, உடனே கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மூடினேன். அந்தப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்படலமாகப் படியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுநாளே கார்களின் கண்ணாடிகள் பனி மூடியதுபோல் வெளுத்துவிட்டன.

அந்த நபரிடம் நான் ஏன் நம்பிக்கை வைத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் கேட்டுப் பார்த்த மற்றவர்களெல்லாம் விலையை மட்டுமே சொன்னார்கள். இவர் ஒருவர்தான் தாமே தொலைபேசியில் அழைத்து, எந்தப் பசையால் ஒட்டினேன், எத்தனை நாளாயிற்று என்று நிதானமாக விசாரித்தார். நான் அப்பச்சியைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அண்ணே, உங்க அப்பச்சி கைபட்ட பொருள், என் வீட்டுப் பொருள் மாதிரி பார்த்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அந்த நிமிடமே முன்பணம் 3,400 ரூபாய் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, பளிங்குபோல் தெளிந்த கண்ணாடியின் படம் வந்தது. மீதி 3,400 ரூபாயையும் அனுப்பினேன். அந்தப் படத்தில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. என் கார்கள் இரண்டிலும் அது வலப்பக்கம். இதை நான் நேற்றுத்தான் கவனித்தேன்.

பெட்டியைத் திறந்ததும், பெயிண்டைக் கரைக்கப் பயன்படும் தின்னரின் வாடை வீசியது. இத்தகைய கார்களின் கண்ணாடிகள் பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை; தின்னரும், நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசிட்டோனும் அதை அரித்து, சிலந்தி வலைபோல் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். நான் அனுப்பியபோது இருந்தது மேலே படிந்த படலம் மட்டுமே. பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் போயிருக்கும். இப்போது விரிசல் உள்ளேயே ஓடுகிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கேட்டதற்கு முதலில், கூரியரில் அதிர்ந்திருக்கும் என்றார். தின்னர் வாடையைச் சொன்னதும், பழைய பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும் என்றார். ஸ்டீயரிங்கைப் பற்றிக் கேட்டபோது, அது மாதிரிக்காக அனுப்பிய படம் என்று கூசாமல் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன்; அடுத்த வேலைக்கு 500 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. அடுத்த வேலையாம்! இன்று காலை முதல் என் எண்ணையே தடுத்துவைத்திருக்கிறார். 6,800 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவுசெய்திருக்கிறேன்.

மங்கிய கண்ணாடியை வீட்டிலேயே தெளியவைக்கும் முறையை விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். இப்போதைய மனநிலையில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தின்னரையும் அசிட்டோனையும் கண்ணாடியின் அருகே கொண்டுபோகாதீர்கள். வெண்படலம் என்றால் 2000, பிறகு 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பாலிஷால் முடியுங்கள்; முதலில் எவருக்கும் தெரியாத ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். கழன்ற கண்ணாடியை ஒட்ட, காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையே போதும். வெளியே கொடுத்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் காரையே, உங்களுக்கு அடையாளம் தெரியும் கோணத்தில், காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். அதுவரை மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.