ஷெவெலா, ஜிடிஓவா: டேங்க் மேல் இருந்த காகிதம்

"1970 ஷெவெல் எஸ்எஸ் 396 வாங்கலாமா, அதே வருடத்து ஜிடிஓ வாங்கலாமா? உங்ககிட்டதான் ரெண்டும் இருக்கே" என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ரெண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) பழைய அமெரிக்கக் கார்கள்: ஷெவெல் செவ்ரோலெட்டுடையது, ஜிடிஓ பான்டியாக்குடையது. எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்பது சாதாரண ஷெவெலான மாலிபுவுக்குத் தொழிற்சாலையிலேயே கொடுத்த வேக வண்டித் தொகுப்பு. ஷெவெலின் பெட்ரோல் டேங்க்கை மாற்றிவிட்டு வந்த கோபம் எனக்கு அப்போது அடங்கவில்லை. இன்னும் அடங்கவில்லை.

ஷெவெலின் அடையாள எண் 13637 என்று தொடங்கும். எட்டு சிலிண்டர், இரண்டு கதவு மாலிபு ஹார்ட்டாப் எல்லாவற்றுக்கும் அதே தொடக்கம்தான். வண்டி எஸ்எஸ்ஸா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஜிடிஓ அசல்தான் என்று காட்ட, எண்ணின் தொடக்கத்தில் 242 என்ற மூன்று இலக்கமே போதும். பான்டியாக்கின் பழைய பதிவுகளை வைத்திருக்கும் பி.ஹெச்.எஸ்ஸுக்குப் (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) பணம் கட்டினால் தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகலும் வந்துவிடும். ஷெவெல்காரர்களுக்கு இருக்கிற பெரிய நம்பிக்கை பில்ட் ஷீட், அதாவது வண்டியில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று தொழிற்சாலையில் குறித்த தாள். பல வண்டிகளில் அது டேங்க்கின் மேல்பக்கம் கிடைக்கும். அதில் எஸ்எஸ் 396-இன் குறியீடான இசட்25 இருந்தால் பேச்சு முடிந்தது.

ஆறு வருடமாக ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் டிரீம் குரூஸுக்கு ஷெவெலை எடுத்துப் போகிறேன். வருகிறவர்களின் முதல் கேள்வி, "ஒரிஜினல் எஸ்எஸ்ஸா?" பன்னிரண்டு போல்ட் பின் ஆக்ஸிலைக் காட்டுவேன், டேஷ்போர்டின் வட்ட மீட்டர்களைக் காட்டுவேன். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதையெல்லாம் சாதாரண மாலிபுவிலும் மாட்டலாம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

டேங்க் ஒழுகத் தொடங்கியதும், "இறக்கும்போது மேலே காகிதம் இருந்தால் தொடாதீர்கள்" என்று பட்டறையில் மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன். நான் திரும்பிப் போவதற்குள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். பழுப்பாகக் கூழ் ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் மெல்ல நெம்பிப் பார்த்தேன். ஒரு கட்டத்தின் ஓரமும் பாதி எண்ணும் மட்டும் தெரிந்தன. ஐம்பது வருடத்துக்கு மேல் தாங்கிய காகிதம்!

சரி, இதில் காரின் குற்றம் எதுவும் இல்லை. இரண்டும் ஜிஎம்மின் ஏ-பாடி என்ற ஒரே அடிப்படை அமைப்பு, 112 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்), என்னிடம் இருக்கிற இரண்டு எஞ்சினுக்கும் கணக்கில் 350 குதிரைத்திறன். (396 என்று பெயர் இருந்தாலும் அந்த வருடம் ஷெவெல் எஞ்சினின் உண்மையான அளவு 402 கன அங்குலம்.) டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை, ஜிடிஓவுக்கு 445 பவுண்டு-அடி, ஷெவெலுக்கு 415. சிக்னலிலிருந்து கிளம்பும்போதே அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். ஜிடிஓவின் எண்டூரா பம்பர் சின்ன இடியை வாங்கிக்கொண்டு பழைய வடிவத்துக்கே வந்துவிடும். பானெட் மேல் இருக்கும் டேக்கோமீட்டரை (எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) பார்க்க, சாலையிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம். உதிரி பாகம் ஷெவெலுக்குத்தான் சுலபம்.

அப்புறம் அந்த மூடி. ஷெவெலின் பானெட்டில், முன் கண்ணாடிக்குச் சற்று முன்னால், சின்னக் கதவு மாதிரி ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சினில் வேக்குவம் இறங்கும், அது சட்டென்று திறந்து, கண்ணாடியின் அடியில் சேரும் குளிர்ந்த காற்றை இழுக்கும். இருக்கையிலிருந்தே பார்க்கலாம். மூன்றாவது கியரில் அது வாய் திறக்கும்போது உள்ளே எழும் உறுமலை ஆறு வருடமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

நண்பருக்கு என் பதில் ஜிடிஓதான். சேகரிக்க வாங்குகிறவர் காகிதம் இருக்கிற வண்டியைத்தான் வாங்க வேண்டும். என்னுடைய ஜிடிஓவையே கேட்டாலும் நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவேன். ஷெவெலை மட்டும் கேட்க வேண்டாம்.