ஐபிவி6 ஆதரவு: முன்னால் ப்ராக்ஸியா, சோர்ஸ் கோடிலேயே மாற்றமா?

புதிதாகப் பிரித்துக் கொடுக்க, இணைய முகவரிகளை உலக அளவில் பங்கிடும் ஐயானா அமைப்பிடம் இருந்த ஐபிவி4 (32 பிட்) முகவரிகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. அதற்கு மாற்று, 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6. ஆனாலும் 32 பிட் முகவரியை மட்டுமே அறிந்த சர்வர் மென்பொருள்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஐபிவி6-ஐ எப்படிச் சேர்ப்பது?

இருப்பதிலேயே சுலபம், முன்னால் ஒரு ப்ராக்ஸியை, அதாவது இடைத்தரகராக நிற்கும் சர்வரை, வைப்பது. ஐபிவி6-ல் வருவதை அது வாங்கி உள்ளே ஐபிவி4-ல் அனுப்பும். சோர்ஸ் கோட் கையில் இல்லையென்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். சிக்கல் லாகில் (யார் வந்தார்கள் என்ற பதிவேட்டில்) தெரியும்: வருகிற எல்லோருக்கும் ப்ராக்ஸியின் முகவரியே பதிவாகும். தொல்லை தரும் ஒருவரைத் தடுக்கப்போனால் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். வெப் சர்வர் என்றால் அசல் முகவரியை ஹெடரில் (கோரிக்கையோடு சேர்ந்து வரும் குறிப்பில்) அனுப்பலாம். சரி, அதைப் படித்துப் புரிந்துகொள்ள மென்பொருளுக்கு 128 பிட் முகவரி தெரிய வேண்டுமே! சுற்றி வந்து கோடில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

சோர்ஸ் கோடை மாற்றுவதிலும் இரண்டு வழி. ஒரே ஐபிவி6 சாக்கெட்டில் (மென்பொருள் இணைப்பை வாங்கும் வாசலில்) ஐபிவி4, ஐபிவி6 இரு வகை இணைப்பையும் வாங்கலாம். வரிகள் குறைவு. ஆனால் இந்த வசதி லினக்ஸில் வழக்கமாகவே இயங்கும், விண்டோஸில் நாமே இயக்க வேண்டும், ஓபன்பிஎஸ்டியில் கிடையவே கிடையாது. போதாததற்கு, ஐபிவி4 முகவரிகள் ஐபிவி6 வேடத்தில் வந்து நிற்கும்; பழைய அனுமதிப் பட்டியலோடு அவை பொருந்தாது. இன்னொரு வழி, ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என்று சாக்கெட்டைப் பிரிப்பது. அப்படிச் செய்தால் சில வரிகள் கூடும், இந்தக் குழப்பம் இராது. என் ஓட்டு இதற்கே.

சாக்கெட் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது முகவரியைச் சேமிக்கும், ஒப்பிடும் இடங்கள். 15 எழுத்துக்கு அளவெடுத்த டேட்டாபேஸ் ஃபீல்டில் 39 எழுத்து வரை வரலாம். முக்காற்புள்ளியை (:) பார்த்து, முகவரியின் பின்னால் வரும் போர்ட் எண்ணைப் பிரிக்கும் கோட், ஐபிவி6 முகவரிக்குள்ளும் அதே புள்ளி இருப்பதால் முகவரியையே துண்டாக்கிவிடும். அதனால்தான் யூஆர்எல்லில் [::1]:8080 என்று சதுர அடைப்பு போடுகிறார்கள். ::1 என்பது 0:0:0:0:0:0:0:1 என்பதன் சுருக்கம், இரண்டும் ஒரே முகவரி. எழுத்தாக ஒப்பிட்டால் வேறு வேறு. பைனரியாக மாற்றி ஒப்பிடுங்கள்.

அப்புறம், தடைப்பட்டியல். ஐபிவி6-ல் ஒரு நெட்வொர்க்குக்குப் பொதுவாக 64 பிட் முன்னொட்டு (முகவரியின் முதல் பாதி) கிடைக்கும், மீதி 64 பிட்டை அங்குள்ள கருவியே விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும். முழு முகவரியைத் தடுத்துப் பயனில்லை, முன்னொட்டைத் தடுக்க வேண்டும்.