தான்ஜிரோவுக்காகவே பார்க்கலாம்: டீமன் ஸ்லேயர் முதல் சீசன்

டீமன் ஸ்லேயர் ஒரு ஜப்பானிய அனிமே தொடர்; 2019-இல் யூஃபோடேபிள் ஸ்டூடியோ எடுத்த முதல் சீசன், 26 எபிசோடுகள். சண்டைக் காட்சிகளை எல்லாரும் புகழ்ந்தாகிவிட்டது, எனக்குப் பெரிதாகத் தெரிவது நாயகன் தான்ஜிரோவின் குணம்தான். கரி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய மூத்த மகன். அம்மாவும் தம்பி தங்கைகளும் கொல்லப்பட்டு, மிஞ்சிய தங்கை நெசுகோ அரக்கியாக மாறிய பிறகும் அவனிடம் அந்த அண்ணன் புத்தி போகவில்லை. அரக்கர்களை வேட்டையாடப் போகும்போது கூட வரும் தோழர்களில் ஜெனிட்சு பயந்து அலறினாலும், இனோசுகே வம்புக்கு வந்தாலும் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறான்.

முரசு அரக்கன் கியோகாயோடு சண்டை போடும் இடத்தைக் கவனியுங்கள். தரையில் சிதறிக் கிடக்கும் கையெழுத்துத் தாள்கள் அந்த அரக்கன் மனிதனாக இருந்தபோது எழுதியவை, உயிர் போகிற நேரத்திலும் தான்ஜிரோ அவற்றை மிதிக்காமல் ஒதுங்கிக் கால் வைக்கிறான், அதைப் பார்த்துத்தான் கியோகாய் கலங்கிப்போகிறான். இரக்கம் காட்டுகிறான் என்பதற்காக வெட்டத் தயங்குபவனும் இல்லை! அப்புறம் நெசுகோவைக் குத்திய சனேமிக்கு (அரக்க வேட்டைப் படையின் உயர்நிலை வீரன்), கைகள் கட்டப்பட்ட நிலையிலேயே தலையால் ஒரு முட்டு கொடுப்பான் பாருங்கள், அவ்வளவு சாதுவுக்குள் அவ்வளவு கோபம்.

குறை என்றால், சண்டைக்கு நடுவே மனசுக்குள் தான்ஜிரோ நிறைய விளக்கிக்கொண்டே இருப்பது, கண்ணுக்கு முன் நடப்பதைக்கூட. ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள், தான்ஜிரோவுக்குக் குரல் கொடுத்த நட்சுகி ஹனாயே உருகிப் பேசியிருக்கிறார். ரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.