விம்ப்பா ஆக்ஸியானா? டார்க் மேட்டர்ல பிஎச்டி பண்ணப் போறவங்களுக்கு

"விம்ப் செத்துப்போச்சு, எல்லாரும் ஆக்ஸியானுக்கு போயிட்டாங்க"ன்னு இப்போ எம்எஸ்சி முடிக்கிற பசங்க நிறைய பேர் சொல்றாங்க. டார்க் மேட்டர், அதாவது ஈர்ப்ப வச்சு மட்டும் தெரியற கண்ணுக்கு தெரியாத பொருள், எதால ஆனதுங்கறதுக்கு ரெண்டு வேட்பாளர் இதுங்க: விம்ப்னா கனமான, ரொம்ப அபூர்வமா மோதற துகள், ஆக்ஸியான்னா ரொம்ப ரொம்ப லேசான துகள். அந்த பேச்சு பாதி உண்மை, பாதி ட்ரெண்டு. ரெண்டு பக்கமும் இதுவரைக்கும் ஒண்ணும் சிக்கல, ஆனா "சிக்கல"ங்கறதுக்கு ரெண்டு இடத்துலயும் அர்த்தம் வேற வேற, அத பாக்காம கட்சி சேந்தா மூணாவது வருஷத்துல முழிக்க வேண்டியதுதான்.

முதல்ல, இதுங்கள எதுக்கு நம்பணும்? விம்ப் கதை எல்லாருக்கும் தெரிஞ்ச ஃப்ரீஸ்-அவுட்தான், பிரபஞ்சம் விரிஞ்சு குளிர்றப்ப துகள்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி அழியறது (அனிஹிலேஷன்) நின்னுபோய் மிச்சம் தங்கிடறது. அனிஹிலேஷன் ரேட்டு நொடிக்கு 2-3 × 10⁻²⁶ கன செ.மீ. அளவுல இருந்தா பிளாங்க் சாட்டிலைட் அளந்த டார்க் மேட்டர் அளவு (Ωh² = 0.12) தானா வந்துடும், அது வீக் ஸ்கேலோட (வீக் விசையோட ஆற்றல் அளவு) ஒத்துப்போறதால "மிராக்கிள்"னு பேரு வச்சாங்க. விம்ப குடுக்கற சூப்பர்சிமெட்ரி (தெரிஞ்ச ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி இருக்குங்கற தியரி) எல்எச்சி கொலைடர்ல கிடைச்சிருந்தா இது இன்னிக்கு டெக்ஸ்ட்புக் பிசிக்ஸ், கிடைக்கல. ஆக்ஸியானுக்கு டார்க் மேட்டரே தேவையில்ல, நியூட்ரானோட எலக்ட்ரிக் டைபோல் மொமெண்ட் ஏன் இவ்ளோ சின்னது, வலிய விசையோட சமன்பாட்டுல வர்ற தீட்டாங்கற எண் ஏன் 10⁻¹⁰க்கும் கீழ இருக்குங்கற கேள்விக்கு 1977-ல பெச்சேயும் க்வின்னும் சொன்ன பதில்ல இருந்து வந்தது அது, அடுத்த வருஷமே வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியா இதுல ஒரு புது துகள் இருக்கணுமேன்னு கண்டுபுடிச்சாங்க (வில்செக் பேர எடுத்தது ஒரு சோப்புத்தூள் பிராண்டுல இருந்து). டார்க் மேட்டர் அதுக்கு போனஸ். மோட்டிவேஷன்ல என் ஓட்டு ஆக்ஸியானுக்குத்தான்.

ஆனா மாஸ் என்னன்னு கேட்டா ஆக்ஸியான்காரங்க நெளிவாங்க. அந்த பதில்ல வர்ற பெச்சே-க்வின் சிமெட்ரி இன்ஃப்ளேஷனுக்கு (பிரபஞ்சம் ஆரம்பத்துல படுவேகமா விரிஞ்ச கட்டம்) முன்னாடியே உடைஞ்சிருந்தா ஆக்ஸியான் புலத்தோட ஆரம்ப கோணம் என்னவா வேணா இருக்கலாம், ஐசோகர்வேச்சர் (ஆக்ஸியான் அடர்த்தியில மட்டும் தனியா வர்ற ஏற்ற இறக்கம்) லிமிட் வேற வந்து இன்ஃப்ளேஷன் ஸ்கேல கட்டுப்படுத்தும். பின்னாடி உடைஞ்சிருந்தா கொள்கையளவுல ஒரே ஒரு மாஸ்தான் வரணும், ஆனா ஸ்ட்ரிங் (ஆக்ஸியான் புலத்துல உருவாகற நூல் மாதிரி அமைப்பு) சிமுலேஷன் பண்றவங்களுக்குள்ளயே ஒத்துவரல, சில பத்து மைக்ரோ இவி-ல (எலக்ட்ரான்வோல்ட், துகளோட மாஸ சொல்ற யூனிட்) இருந்து சில நூறு வரைக்கும் சொல்றாங்க. இத ப்ரெடிக்ஷன்னு சொல்ல கொஞ்சம் தைரியம் வேணும்.

இப்போ நம்பர். நம்ம பக்கத்துல டார்க் மேட்டர் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 0.3 ஜிஇவி. 100 ஜிஇவி விம்ப்னா ஒரு லிட்டருக்கு மூணு துகள். 3 மைக்ரோ இவி ஆக்ஸியான்னா ஒரு கன செ.மீ.க்குள்ளயே 10¹⁴, டி பிராய் அலைநீளம் 400 மீட்டர் கிட்ட. அதனால ஒண்ணுல மோதலுக்கு காத்திருக்கோம், இன்னொண்ணுல கிளாசிக்கல் அலைக்கு ரேடியோ ட்யூன் பண்றோம். டிடெக்டர்ல இருக்கற எல்லா வித்தியாசமும் இங்கதான் ஆரம்பிக்குது.

சவுத் டகோட்டாவுல பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துல ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துல எல்இசட்ங்கற விம்ப் டிடெக்டர் ஓடுது, 7 டன் திரவ ஜீனான், ஒரு நியூக்ளியஸ் சில கேஇவி-யோட எகிறினா ஒரு வெளிச்சம், அப்புறம் எலக்ட்ரான் மேல வந்து இன்னொரு வெளிச்சம், ரெண்டோட விகிதத்த வச்சு காமாவ கழிச்சுடலாம். 2024-ல வந்த ரிசல்ட்ல 40 ஜிஇவி கிட்ட மோதல் வாய்ப்போட அளவு (கிராஸ் செக்ஷன்) 2.2 × 10⁻⁴⁸ சதுர செ.மீ. வரைக்கும் இறங்கிட்டாங்க. சியாட்டில்ல இருக்கற ஆக்ஸியான் டிடெக்டர் ஏடிஎம்எக்ஸ்னா பெரிய மேக்னட்டுக்குள்ள ஒரு செப்பு பூசின கேவிட்டி, 1983-ல சிகிவி குடுத்த ஐடியா (காந்தப்புலத்துல ஆக்ஸியான் மைக்ரோவேவா மாறும்), எதிர்பார்க்கற பவர் 10⁻²³ வாட், அதுக்கு மில்லி கெல்வின்ல குளிர வச்சு குவாண்டம் ஆம்ப்ளிஃபயர் போட்டு, கம்பிய கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ட்யூன் பண்ணணும்.

இங்கதான் அந்த "சிக்கல" விஷயம். எல்இசட் ஒரு தடவ ஓடினா சில ஜிஇவி-ல இருந்து பல டிஇவி வரைக்கும் எல்லா மாஸுக்கும் லிமிட் கோடு ஒரே நேரத்துல இறங்கும், ஆனா எவ்ளோ இறங்கினாலும் "இன்னும் கொஞ்சம் கீழ இருக்கலாம்"னு ஒரு மாடல் வந்துடும். 1.1 டிஇவி ஹிக்ஸினோ (சூப்பர்சிமெட்ரி சொல்ற ஒரு விம்ப்) இன்னும் சாகல, எல்இசட்டோட கைக்கு எட்டாத தூரத்துல சும்மா உக்காந்திருக்கு. ஏடிஎம்எக்ஸ் 2018-ல மூடினது 2.66-ல இருந்து 2.81 மைக்ரோ இவி வரைக்கும் ஒரு கீத்து, ஆனா அந்த கீத்துல டிஎஃப்எஸ்இசட்ங்கற ஆக்ஸியான் மாடல் வரைக்கும் தொட்டாச்சு, ஆக்ஸியான்தான் முழு டார்க் மேட்டர்னு வச்சுகிட்டா அங்க பேச்சே முடிஞ்சது. மேல சூப்பர்நோவா 1987ஏ போட்ட லிமிட் சுமார் 20 மில்லி இவி, அதுவரைக்கும் கிடக்கற இடத்துல பெரும்பாலும் யாரும் இன்னும் அந்த ஆழத்துக்கு தேடவே இல்ல.

ஒரு எச்சரிக்கை: ரெண்டு பிளாட்டையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க, ஜீனான்காரங்க 0.3 ஜிஇவி அடர்த்தி போடுவாங்க, ஏடிஎம்எக்ஸ் 0.45 போடுவாங்க. வைவால கேக்கறதுக்குன்னே இருக்கற கேள்வி இது.

விம்ப் பக்கம் இன்னொரு தலைவலி நியூட்ரினோ. 2024-ல ஜீனான்-என்டி, பாண்டாஎக்ஸ்-4டின்னு ரெண்டு ஜீனான் டிடெக்டரும் சூரியனோட போரான்-8 நியூட்ரினோ தடயத்த கிட்டத்தட்ட 2.7 சிக்மால பாத்தாச்சு, சின்ன மாஸ் பக்கம் விம்ப் மாதிரியே தெரியற இந்த நியூட்ரினோ மூட்டம் வந்துடுச்சு. நியூட்ரினோ பிசிக்ஸ் புடிச்சவங்களுக்கு இது தலைவலி இல்ல, தீசிஸ் சேப்டர்.

என்கிட்ட கேட்டா, சால்டரிங், கிரையோஜெனிக்ஸ், ஆம்ப்ளிஃபயர்னு முழு மெஷினையும் கையில தொட்டு கத்துக்கணும்னா ஆக்ஸியான் போங்க, டீம் சின்னது, ஆனா உங்க அஞ்சு வருஷம் ஒரு கீத்துக்குள்ள முடியலாம்னு தெரிஞ்சு போங்க. லைக்லிஹுட், பேக்ரவுண்ட் மாடலிங்ல கெட்டியாகணும்னா ஜீனான், பேப்பர்ல உங்க பேர தேடித்தான் கண்டுபுடிக்கணும். தியரின்னா நான் ரெண்டையும் விட்டுட்டு அந்த ஸ்ட்ரிங் சிமுலேஷன் சண்டையில போய் உக்காருவேன், ஏன்னா அது தீந்தா எந்த ஃப்ரீக்வென்சில ட்யூன் பண்ணணும்னு கேவிட்டிக்காரங்களுக்கு சொல்லலாம்.