டாகிளா, ஆக்டிவிட்டிவாட்ச்சா?

மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மொழிபெயர்ப்பவன் நான். அதனால் வேலை நேரத்தைக் கணக்கு வைக்கும் இந்த இரண்டு மென்பொருள்களையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தேன்.

டாகிள் டிராக், 2006இல் எஸ்தோனியாவில் தொடங்கியது. வேலையின் பெயரை எழுதி பொத்தானை அழுத்தினால் கடிகாரம் ஓடும். முடித்ததும் நிறுத்த வேண்டும். அங்கேதான் என் வண்டி குடை சாயும். கணினி சும்மா கிடந்தால் அந்த நேரத்தைக் கழிக்கவா என்று கேட்கும் வசதி உண்டு. ஆனால் அழுத்தவே மறந்துபோன காலைப்பொழுதை யார் மீட்டுத் தருவது?

ஆக்டிவிட்டிவாட்ச் இலவசத் திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம். எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்பதைத் தானே குறித்துக்கொள்ளும். விசைப்பலகையும் மவுஸும் 3 நிமிடம் அசையாவிட்டால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிடும். (காகித அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தாலும் அதன் கணக்கில் நான் இல்லாத ஆள்தான்.) எந்த இணையதளம் என்பதும் தெரிய வேண்டுமானால் உலாவியில் தனி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) போட வேண்டும். குறிப்புகள் எல்லாம் நம் கணினியிலேயே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆறுதல். முதல் வாரக் கணக்கில் யூடியூப் பிடித்திருந்த இடம்... சரி, அதை விடுங்கள்.

வாடிக்கையாளருக்குக் காட்ட டாகிளின் அறிக்கைதான் லட்சணம். அதனால் இப்போது ஆக்டிவிட்டிவாட்ச் பகலெல்லாம் ஓடுகிறது. அதைப் பார்த்து மாலையில் டாகிளில் கையால் நிரப்புகிறேன்.